வாசலுக்கு வந்த தையல் மெஷின்

கொல்கத்தா நகரின் மேற்குப் பக்கம். ஹூக்ளி ஆற்றங்கரை. அங்கே மெட்டியாபுரூஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் சந்துகளில் நடந்தால் ஒரு சத்தம் கூடவே வரும்.

டக டக டக டக.

அது தையல் மெஷின் சத்தம். அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தையல்தான் பிழைப்பு. ஒரு வீட்டில் குழந்தைகளுக்கான கவுன் தைப்பார்கள். பக்கத்து வீட்டில் சட்டை தைப்பார்கள். அடுத்த வீட்டில் பித்தான் கட்டுவார்கள்.

தையல் மெஷின் இந்த நாட்டில் பிறந்த கருவி அல்ல. கடல் கடந்து வந்தது. வந்த காலத்தில் அதன் விலையும் மிக அதிகம். தையற்காரரோ ஏழை. பல மாத வருமானத்தைச் சேர்த்தாலும் அதை வாங்க முடியாது.

அப்படியானால் அந்த மெஷின் ஏழையின் வீட்டுக்குள் எப்படி வந்தது?

ஓர் ஆள் அதை வாசலுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தார். மெஷினின் கதையில் பாதி அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

தெருவில் வரும் கடை

சாமானைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்பது பழைய தொழில். வளையல்காரர் வருவார். பாத்திரக்காரர் வருவார். சாணை பிடிப்பவர் வருவார். தவணைக்குக் கட்டிலும் நாற்காலியும் தருபவர் வாரம் ஒரு முறை நோட்டுப் புத்தகத்தோடு வருவார். கிராமத்துப் பெண்கள் எல்லோரும் அவர்களை அறிவார்கள்.

கொல்கத்தாவிலும் அப்படித்தான். தெருவில் கூவி விற்பவரை அங்கே 'பேரிவாலா' என்று சொல்வார்கள். அவர்களில் மிகவும் பெயர் பெற்றவர் காபூலிவாலா. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர். உயரமான ஆள். தளர்ந்த உடை, பெரிய தலைப்பாகை. குளிர்காலத்தில் வருவார். உலர்ந்த திராட்சை, பாதாம், பெருங்காயம், சால்வை விற்பார். கடனுக்கும் கொடுப்பார். ரவீந்திரநாத் தாகூர் 1892ஆம் ஆண்டு 'காபூலிவாலா' என்ற கதையை எழுதினார். அந்தக் கதையால் அவர் உலகம் முழுவதும் தெரிந்த ஆளாகிவிட்டார்.

திராட்சை விற்பது வேறு, கருவி விற்பது வேறு. திராட்சையைத் தின்றால் அதோடு முடிந்தது. கருவி அப்படி அல்ல. வாங்கியவருக்கு அதை ஓட்டத் தெரிய வேண்டும். பழுதானால் சரி செய்ய ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது உழைத்துச் சோறு போடும் என்ற நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கையை வாசலில் உட்கார்ந்து உண்டாக்குவதுதான் கருவி விற்பவரின் வேலை.

கடிகாரம் விற்றவர்கள்

இந்த விதமான விற்பனை பெரிய அளவில் வளர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்கா. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சாலைகள் குறைவு. கடைகளும் குறைவு. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தன. எனவே வியாபாரிகள் கடையையே முதுகில் சுமந்தார்கள். வசதி உள்ளவர்கள் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். தகரப் பாத்திரம், ஊசி, கத்தி, கத்தரிக்கோல், கடிகாரம் எல்லாம் அந்த வண்டியில் இருக்கும்.

கனெக்டிகட் என்ற மாநிலத்தில் ஈலை டெர்ரி என்பவர் இருந்தார். 1807ஆம் ஆண்டு மூன்று வருடத்தில் 4,000 மரக் கடிகாரங்கள் செய்துதர ஒப்புக்கொண்டார். அவ்வளவு கடிகாரங்களை ஒரே ஊரில் விற்க முடியுமா? முடியாது. அந்த மாநிலத்துக் கடிகாரங்களை ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றவர்கள் இந்த வண்டி வியாபாரிகள்தான்.

அவர்களின் பேச்சுச் சாமர்த்தியம் கதையாகவே ஆனது. ஹாலிபர்ட்டன் என்ற எழுத்தாளர் 1836ஆம் ஆண்டு ஒரு கடிகார வியாபாரியைப் பற்றிக் கதை எழுதினார். அந்த வியாபாரி வீட்டுக்காரரிடம் விற்கவே மாட்டான். "திரும்பி வரும்வரை இந்தக் கடிகாரம் இங்கே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போவான். சில நாளில் அந்த வீட்டுக்கு அது பழகிவிடும். மணி பார்க்காமல் இருக்க முடியாது. அவன் திரும்பி வரும்போது அதைக் கொடுத்தனுப்ப மனம் வராது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

கையில் இல்லாத பொருளை வேண்டாம் என்று சொல்வது எளிது. பழகிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது கடினம். இது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசியின் கண் இடம் மாறியது

கை ஊசியைப் பாருங்கள். நூல் கோக்கும் கண் எங்கே இருக்கிறது? மழுங்கிய முனையில் இருக்கிறது. மெஷின் ஊசியைப் பாருங்கள். அதன் கண் கூர் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சின்ன மாற்றம்தான் பெரிய வித்தை.

மெஷின் ஊசி துணிக்குள் முழுவதும் போவதில்லை. முனை மட்டும் கீழே இறங்கும். அங்கே நூல் ஒரு வளையமாக நிற்கும். கீழே பாபினில் இருக்கும் இன்னொரு நூல் அந்த வளையத்துக்குள் புகுந்து வரும். ஊசி மேலே ஏறும்போது இரண்டு நூலும் துணிக்கு நடுவே பூட்டிக்கொள்ளும். ஒரு தையல் விழுந்துவிடும்.

இப்படி இரண்டு நூலால் தைக்கும் மெஷினுக்கு 1846ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் உரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு ஐசக் சிங்கர் என்பவர் இன்னும் நன்றாக ஓடும் மெஷினுக்கு உரிமை பெற்றார். வீடுகளில் இன்றும் பேசப்படும் 'சிங்கர் மெஷின்' இவர் பெயரால் வந்ததுதான்.

அந்தக் காலத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் போடும் ஒரு சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெஷினில் தைக்கச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் போதுமாக இருந்தது.

இதைக் கேட்டு எல்லோரும் மகிழவில்லை. பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் 1831ஆம் ஆண்டிலேயே ஒரு கலகம் நடந்தது. திமோனியே என்பவர் தான் செய்த மெஷின்களை வைத்து ஒரு தையற்கூடம் நடத்தினார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் திரண்டு வந்தார்கள். மெஷின்களை உடைத்தார்கள்.

மெஷினைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பயத்தைப் போக்கவும் வேண்டும். விலையைச் சமாளிக்க வழியும் வேண்டும்.

1856: இரண்டு செய்திகள்

சிங்கர் மெஷினின் விலை அப்போது 100 டாலருக்கு மேல் இருந்தது. ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 500 டாலர்தான். யார் வாங்குவார்கள்?

சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க். அவர் ஒரு வக்கீல். 1856ஆம் ஆண்டு அவர் ஒரு வழி கண்டார். கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். மெஷினை இன்றே எடுத்துப் போங்கள். மீதியை மாதா மாதம் கொடுங்கள் என்றார். அதாவது தவணை முறை. விற்பனை மளமளவென்று ஏறியது.

அதே 1856ஆம் ஆண்டு இந்தியாவில் வேறொரு செய்தி. அவத் ராஜ்யத்தின் நவாப் வாஜித் அலி ஷாவின் ஆட்சியை ஆங்கிலேயர்கள் பறித்துக்கொண்டார்கள். அவர் லக்னோவை விட்டுக் கொல்கத்தா வந்தார். மெட்டியாபுரூஸில் தங்கினார். 1887இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவரோடு பாடகர்கள் வந்தார்கள். சமையற்காரர்கள் வந்தார்கள். தையற்காரர்களும் வந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு குட்டி லக்னோ உருவானது. அங்கே தையல் தொழில் செழித்தது.

ஒரு பக்கம், கை ஊசியோடு தையற்காரர்கள். இன்னொரு பக்கம், தவணைக்கு வரும் மெஷின். பிற்காலத்தில் இந்த இரண்டும் சந்தித்தன.

தைக்காத துணியின் நாடு

சிங்கர் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவுக்கு வந்தது. இலங்கையில் 1877ஆம் ஆண்டிலேயே கடை திறந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் விற்பனையைப் பல ஆண்டுகள் கவனித்தவர் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர்.

அவருக்கு வேலை சுலபமாக இல்லை. ஆண்கள் வேட்டி கட்டினார்கள். பெண்கள் சேலை கட்டினார்கள். இரண்டுக்கும் தையல் தேவையில்லை. பல வீடுகளில் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். மெஷினை விற்க வந்த ஆண் வாசலோடு நிற்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேல், மக்கள் கையில் பணம் இல்லை.

அதனால் இங்கே முதலில் மெஷினை அதிகம் வாங்கியவர்கள் தொழில்முறைத் தையற்காரர்கள். அவர்களுக்கு அது அலங்காரப் பொருள் அல்ல. சோறு போடும் கருவி. பிறகு சட்டை, ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் பெருகின. வீடுகளுக்கும் மெஷின் வரத் தொடங்கியது.

வாசலில் என்ன நடக்கும்?

கம்பெனி ஆள் ஒரு தெருவுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். ஒரு கூலியாள் மெஷினைத் தலையில் சுமந்து வருகிறார். திண்ணையில் இறக்குகிறார். சுற்றிலும் குழந்தைகள் கூடுகிறார்கள்.

"பாய், ஒரு கந்தல் துணி இருந்தால் கொடுங்கள்" என்கிறார் கம்பெனி ஆள்.

துணியை ஊசியின் கீழே வைக்கிறார். கைப்பிடியைச் சுற்றுகிறார். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முழத் தையல் நேர்கோடாக விழுகிறது. பிடித்து இழுத்துக் காட்டுகிறார். பிரியவில்லை.

"விலை என்ன?" என்று தயங்கியபடி கேட்கிறார் தையற்காரர்.

"விலையைப் பற்றி ஏன் கவலைப்படுகிறீர்கள்? இன்று கொஞ்சம் கொடுங்கள். மீதியை மெஷினே சம்பாதித்துக் கொடுக்கும்."

இதுதான் அந்த விற்பனையின் உயிர். நான்கு காரியங்களை விற்பவர் செய்ய வேண்டும். முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு கற்றுக்கொடுக்க வேண்டும். தவணை வசூலிக்க வேண்டும். பழுது பார்க்கவும், ஊசியும் எண்ணெயும் தரவும் ஏற்பாடு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மெஷின் மூலையில் தூங்கும். தவணை வராது. ஆகவே நல்ல கம்பெனி வாங்கியவருக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் கம்பெனிக்கும் லாபம் இருந்தது.

1924ஆம் ஆண்டு காந்தியடிகளிடம் ஒருவர் கேட்டார். எல்லா மெஷின்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று. தையல் மெஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். அது மனிதனின் வேலையைப் பறிக்காமல் அவனுடைய சிரமத்தைக் குறைக்கிறது என்று அவர் கருதினார்.

கொல்கத்தாவில் பிறந்த உஷா

வெளிநாட்டு மெஷினையே எத்தனை காலம் நம்பியிருப்பது? 1930களில் கொல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் என்ற தொழிற்சாலை தொடங்கியது. தொடங்கியவர் பிஷன் தாஸ் பாசில். தான் செய்த மெஷினுக்கு மகளின் பெயரை வைத்தார். அதுதான் உஷா.

ஆலையை நடத்தப் பணம் போதவில்லை. 1938ஆம் ஆண்டு டெல்லித் தொழிலதிபர் லாலா ஸ்ரீராம் அதை எடுத்துக்கொண்டார். விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்நாட்டு மெஷின்களின் விற்பனை வளர்ந்தது. கொல்கத்தா பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்த ஆலையிலிருந்து உஷா மெஷின் நாடெங்கும் போனது. தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது.

1947ஆம் ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டுக் கொல்கத்தா வந்தார்கள். அந்த ஆலைக்கு அருகிலுள்ள ஜாதவ்பூர் பக்கமும் அகதிகளின் குடியிருப்புகள் எழுந்தன. அதுவரை வேலைக்குப் போகாத பெண்கள் சம்பாதிக்க வேண்டிய நிலை. பலருக்குத் தையல் கை கொடுத்தது. வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யலாம். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இன்று அந்த ஆலை அங்கே இல்லை. அந்த நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடி வீடுகளும் பெரிய வணிக வளாகமும் நிற்கின்றன. வணிக வளாகம் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

கடைசித் தவணை வரை யாருக்குச் சொந்தம்?

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

தவணைக்குக் கொடுப்பதில் ஒரு வகை உண்டு. அதற்கு வாடகைக் கொள்முதல் என்று பெயர். இதில் மெஷின் வாங்கியவர் வீட்டில் இருக்கும். அவர்தான் அதை ஓட்டுவார். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை அது கம்பெனிக்கே சொந்தம். அதுவரை கட்டுகிற பணம் வாடகைக் கணக்கு. தவணை தவறினால் கம்பெனி மெஷினைத் திரும்பக் கேட்கலாம்.

இது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும். ஆனால் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? விற்பவர் வாயால் சொன்னதை நம்புவார். காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார். வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் உள்ளது நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காகச் சொல்லும் கணக்கு.

ஒரு மெஷினின் ரொக்க விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் வாங்கினால் முன்பணம் 1,000 ரூபாய். பிறகு மாதம் 800 ரூபாய். மொத்தம் 12 மாதம்.

12 மாதத்துக்கு 800 வீதம்: 9,600 ரூபாய்.
முன்பணம்: 1,000 ரூபாய்.
மொத்தம்: 10,600 ரூபாய்.
ரொக்க விலை: 8,000 ரூபாய்.
அதிகம் கொடுப்பது: 2,600 ரூபாய்.

முன்பணம் போக உண்மையான கடன் 7,000 ரூபாய்தான். அதற்கு வட்டி 2,600 ரூபாய். நூற்றுக்கு 37 ரூபாய்க்கு மேல். கடன் மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி இன்னும் அதிகம்.

இன்னொன்றையும் பாருங்கள். வாங்கியவர் 9 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டார். அதுவரை 8,200 ரூபாய் போயிற்று. ரொக்க விலையைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார். பத்தாவது மாதம் வீட்டில் நோய். தவணை கட்ட முடியவில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி மெஷின் கையை விட்டே போகலாம்.

அப்படியானால் தவணையே கெட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. 8,000 ரூபாயை மொத்தமாகச் சேர்த்து வைக்க எத்தனை ஏழைகளால் முடியும்? மெஷின் இன்றே வந்தால் இன்றே சம்பாதிக்கலாம். அந்த மெஷினால் மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், 800 ரூபாய் தவணை போக 700 ரூபாய் கையில் நிற்கும். கூடுதல் வருமானம் 500 ரூபாய்தான் என்றால் மாதா மாதம் 300 ரூபாய் கடன் ஏறும். ஒரே தவணைதான். ஒரு குடும்பத்தை அது தூக்கிவிடுகிறது. இன்னொரு குடும்பத்தை அழுத்துகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பெயர் மாறியது, முறை மாறவில்லை

இன்று மெஷினைத் தலையில் சுமந்துவரும் கம்பெனி ஆளைக் காண்பது அரிது. கடைக்குப் போனால் "இ.எம்.ஐ. வசதி உண்டு" என்று எழுதியிருக்கிறது. செல்போனைத் திறந்தாலும் அதே பேச்சு. இ.எம்.ஐ. என்பது மாதத் தவணைதான். 1856ஆம் ஆண்டு எட்வர்ட் கிளார்க் சொன்ன அதே வழி.

"வட்டியே இல்லை" என்றும் சிலர் சொல்வார்கள். வட்டியில்லாத் தவணை என்று உண்மையில் ஒன்று இல்லை என 2013ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எடுத்துச் சொன்னது. வட்டி வேறு பெயரில் வரலாம். அலுவலகச் செலவு என்று வரலாம். ரொக்கத் தள்ளுபடி கிடைக்காமல் போகலாம். ஆகவே ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேட்க வேண்டும்.

வாங்குபவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986ஆம் ஆண்டு வந்தது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நேரடி விற்பனைக் கம்பெனிகளுக்கு 2021ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. அவற்றின்படி, வீட்டுக்கு வந்து விற்கும் அவர்களுடைய ஆள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன்னதாகச் சம்மதம் கேட்காமல் வீட்டுக்கு வரக் கூடாது.

கடன் பாக்கிக்காக அடியாட்களை அனுப்பிப் பொருளைப் பிடுங்குவது தவறு. உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு ஒரு வாகனக் கடன் வழக்கில் இதைக் கண்டித்தது. சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றது.

ஏமாற்றப்பட்டவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு ரசீது வேண்டும். ஒப்பந்தக் காகிதத்தின் நகல் வேண்டும்.

இன்னொரு வழியும் தமிழ்நாட்டில் உண்டு. ஆதரவற்ற ஏழைப் பெண்களுக்கு அரசே இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. யார் யாருக்குக் கிடைக்கும் என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்

தவணைக்கு எந்தக் கருவி வாங்கினாலும் இவற்றைக் கேட்க வேண்டும்.

ரொக்க விலை என்ன? தவணையில் மொத்தம் எவ்வளவு?
எத்தனை தவணை? எந்தத் தேதியில் கட்ட வேண்டும்?
ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்?
கடைசித் தவணைக்கு முன் பொருள் யாருக்குச் சொந்தம்?
பழுதானால் யார் பார்ப்பார்கள்? எத்தனை மாதத்துக்கு?

பதிலை வாயால் கேட்டால் போதாது. காகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதாத காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்க வேண்டும். எல்லா ரசீதுகளையும் ஒரே பையில் பத்திரமாக வைக்க வேண்டும்.

மீண்டும் அந்தச் சந்தில்

மெட்டியாபுரூஸில் இன்று மின்சார மெஷின்கள் நிறைய ஓடுகின்றன. தொழில் நடத்தும் மேஸ்திரியை அங்கே 'ஓஸ்தாகர்' என்று சொல்வார்கள். அவர் துணி வாங்குகிறார். வெட்டிக் கொடுக்கிறார். தையற்காரர்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைக்கிறார்கள். தைத்த உடுப்புகள் அங்குள்ள சந்தைக்குப் போகின்றன. ஆற்றின் அக்கரையில் ஹாவ்ராவிலுள்ள மங்களா ஹாட்டுக்கும் போகின்றன. மங்களா ஹாட் என்றால் செவ்வாய்க்கிழமைச் சந்தை. அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் போகின்றன.

மெஷின் யாருடையது என்பது அங்கே பெரிய கேள்வி. மேஸ்திரியின் மெஷினில் தைப்பவருக்குக் கூலி மட்டுமே உண்டு. சொந்த மெஷின் உள்ளவர் வேறு இடத்திலும் வேலை கேட்கலாம். கூலி போதாது என்று சொல்லவும் கொஞ்சம் தைரியம் வரும். கருவி சொந்தமாக இருப்பது உழைப்பவருக்கு ஒரு பலம்.

அந்தப் பலத்தை வாசலுக்குக் கொண்டுவந்தவர் விற்பனையாளர். அதைக் கையில் நிலைக்க வைப்பது காகிதத்தைப் படிக்கும் அறிவு. அன்று பலர் படிக்காமல் கைநாட்டு வைத்தார்கள். இன்று படிக்கக் கற்றவர் காகிதத்தை முதலில் கையில் வாங்குவார். மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படிப்பார். கணக்குப் போடுவார். பிறகுதான் பேனாவை எடுப்பார்.

கூடிப் பேசலாம்

1. உங்கள் தெருவுக்குத் தவணைக்கு என்னென்ன சாமான்கள் வருகின்றன? அவற்றின் ரொக்க விலை உங்களுக்குத் தெரியுமா?
2. உங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.
3. வீட்டில் இருக்கும் ஒரு ரசீதை எடுத்து உரக்கப் படியுங்கள். அதில் தேதி, தொகை, கடையின் பெயர் மூன்றும் இருக்கின்றனவா?